பால் ஒத்துக்காதவர்கள் கடையில் சாப்பிடும்போது



'பால்' என்ற சொல்லுக்கு நம் தோட்டங்களில் மூன்று பொருள் உண்டு. விடியற்காலையில் மரம் வெட்டி மங்கில் பிடிப்பது ஒரு பால். கறிக்குத் தேங்காய் துருவிப் பிழிவது இன்னொரு பால். மாட்டிடம் கறப்பது மூன்றாவது பால். வீட்டுக்குள் இந்தச் சொல்லால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. டவுனுக்குப் போய்க் கடையில் உட்கார்ந்து, "இதிலே பால் இருக்கா?" என்று கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. மாட்டுப் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை பக்கத்தில் இருந்தால், அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நம்பித்தான் அதன் உயிர் இருக்கிறது.

ஒரு சம்பள வாரத்துச் சனிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். புக்கிட் அசஹான் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஜாசின் டவுனுக்கு வருகிறது. சாமான் வாங்கி முடித்துச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறார்கள். மூத்த பையனுக்குச் சிறு வயதிலிருந்தே பால் ஆகாது. அம்மா கவனமாகத்தான் கேட்கிறார்.

"தம்பி, ரொட்டி சானாய்லே பால் போடுவீங்களா?"

"இல்லக்கா, பால் எல்லாம் போடறதில்ல."

அந்தத் தம்பி வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவருக்குப் பால் என்றால் தே கலக்கும் இடத்தில் இருக்கிற டின் பால். ரொட்டி மாவை முதல் நாளே வேறொருவர் பிசைந்து வைத்திருப்பார். பல கடைகளில் அந்த மாவில் இனிப்பான டின் பாலைச் சேர்த்துத்தான் பிசைகிறார்கள். உருட்டிய மாவை மார்ஜரினிலோ நெய்யிலோ புரட்டி வைக்கிறார்கள். கல்லிலும் அதையே ஊற்றுகிறார்கள். பரிமாறுகிற தம்பிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அம்மா கேட்டார், தம்பி பதில் சொன்னார், பையன் சாப்பிட்டான். கேட்டும் ஆபத்து நீங்கவில்லை.

ஆகவே, எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, தவறிப்போனால் என்ன செய்வது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

'ஒத்துக்காது' என்பதில் இரண்டு நோய்கள்

"எனக்குப் பால் ஒத்துக்காது" என்று நம்மில் பலர் சொல்கிறோம். இந்த ஒரே பேச்சுக்குள் இரண்டு வெவ்வேறு தொல்லைகள் இருக்கின்றன.

முதலாவது, செரிக்காமை. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை உடைத்துச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற பொருள் குடலில் சுரக்கிறது. வயது ஏற ஏற இந்தச் சுரப்பு பலருக்குக் குறைந்துபோகிறது. ஆசிய மக்களில் இது மிகவும் சகஜம். இப்படிப்பட்டவர்கள் பால் குடித்தால் வயிறு உப்பும், இரையும், பேதியாகும். தொந்தரவுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. கொஞ்சம் தயிரோ மோரோ இவர்களில் பலருக்குத் தாங்கும்.

இரண்டாவதுதான் ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. இது பாலில் உள்ள புரதத்தால் வருவது. கேசின் என்பதும் வே என்பதும் பாலின் முக்கியப் புரதங்கள். நம் உடம்பில் கிருமிகளை எதிர்த்துப் போராடும் சக்தி ஒன்று உண்டு. ஒவ்வாமை உள்ளவர் உடம்பில் அந்தச் சக்தி பால் புரதத்தை எதிரி என்று தவறாக நினைத்துச் சண்டைக்குப் போகிறது. அதனால் தோலில் தடிப்பு, அரிப்பு, உதடும் கண்ணும் வீங்குதல், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு வருகின்றன. பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கடுமையாகும்போது தொண்டை அடைத்து, இரத்த அழுத்தம் சரிந்து, ஆள் மயங்கி விழுவார். இதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர்.

பிரான்சு நாட்டு அறிஞர் சார்ல்ஸ் ரிஷே, போல் போர்ட்டியே என்பவருடன் சேர்ந்து 1902-இல் இதைக் கண்டறிந்து இந்தப் பெயரைக் கொடுத்தார். அதற்காக ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. அலர்ஜி என்ற சொல்லை 1906-இல் உண்டாக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே.

இந்த வேறுபாடு கடையில் ஏன் முக்கியம்? "ஒத்துக்காது" என்று சொன்னால் கேட்பவர் வயிற்று வலி என்றுதான் எடுத்துக்கொள்வார். "கொஞ்சம் நெய்தானே, ஒண்ணும் ஆகாது" என்று விட்டுவிடுவார். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

நம்மவர்களிடம் உள்ள மூன்று தவறான எண்ணங்களையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, மாட்டுப் பால் ஆகாவிட்டால் ஆட்டுப் பால் கொடுக்கலாம் என்பது. ஆட்டுப் பாலிலும் எருமைப் பாலிலும் உள்ள புரதம் பசும்பால் புரதத்தைப் போன்றதே. பெரும்பாலோருக்கு அவையும் ஆகாது. இரண்டு, நன்றாகக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது. கேசின் கொதிக்க வைத்தாலும் அழியாது. மூன்று, நெய்யில் பால் இல்லை என்பது. நெய்யை எவ்வளவு தெளியக் காய்ச்சி வடித்தாலும் சிறிது புரதம் தங்கியிருக்கக்கூடும்.

லண்டனில் ஒரு பிறந்த நாள்

2017 ஏப்ரல் 22-ஆம் தேதி, ஓவன் கேரி என்ற இளைஞர் தம் 18-ஆம் பிறந்த நாளைக் கொண்டாட லண்டனில் ஓர் உணவகத்துக்குப் போனார். அவருக்குப் பால் ஒவ்வாமை இருந்தது. பணியாளரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வாட்டிய கோழி பர்கர் கேட்டார். அந்தக் கோழியை மோரில் ஊறவைத்திருந்தார்கள். உணவுப் பட்டியலில் அவர் தேர்ந்தெடுத்த உணவுக்கு எதிரே மோர் என்ற பேச்சே இல்லை. சாப்பிடும்போதே அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஒரு மணி நேரத்துக்குள் வெளியே சாலையில் சுருண்டு விழுந்தார். காப்பாற்ற முடியவில்லை. அவர் பணியாளரிடம் ஒவ்வாமையைச் சொல்லியிருந்தார் என்பதும், உணவில் மோர் இருந்த செய்தி அவருக்குக் கிட்டவில்லை என்பதும் 2019 செப்டம்பரில் முடிந்த மரண விசாரணையில் உறுதியாயின. உணவகங்கள் ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலிலேயே எழுத்தில் காட்ட வேண்டும் என்று அவர் குடும்பத்தினர் அவர் பெயரால் இயக்கம் நடத்துகிறார்கள்.

படித்த நாடு, பெரிய கடை, வாய் திறந்து சொன்ன வாடிக்கையாளர். அங்கேயே இப்படி நடந்தது. சொன்ன செய்தி சமையற்கட்டு வரை போய், பதில் திரும்பி வந்ததா என்று பார்ப்பதுதான் இதில் நமக்குள்ள பாடம். கோழியை மோரிலும் தயிரிலும் ஊறவைப்பது நம் கடைகளிலும் அன்றாடம் நடப்பதுதானே?

பால் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது?

தே கடை: தே தாரிக்கில் டின் பால் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். தே சி என்றால் இனிப்பில்லாத டின் பால். பால் வேண்டாம் என்றால் 'தே ஓ', 'கோப்பி ஓ' என்று கேட்க வேண்டும். 'கோசோங்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கோசோங் என்றால் சீனி இல்லாதது. பால் வந்தாலும் வந்துவிடும். 'மைலோ ஓ' கேட்பவர்களும் கவனிக்க வேண்டும். மைலோ தூளிலேயே பால் பவுடர் கலந்திருக்கிறது. மேலே பால் ஊற்றாததால் அது பாலில்லாத பானம் ஆகிவிடாது. சிராப் பண்டோங்கில் பால் உண்டு.

இன்னொன்று கிரீமர். "இது பால் இல்லண்ணே, வெறும் கிரீமர்தான்" என்பார்கள். நாம் வெட்டிப் போடும் செம்பனைக் குலையின் எண்ணெயில்தான் கிரீமர் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இனிப்புக் கிரீமர் டின்களில் பெரும்பாலும் பால் பொருளும் சேர்ந்தே இருக்கும். பால் இல்லாதது என்று பெயர் போட்ட கிரீமர் தூள் பலவற்றில்கூட கேசின் புரதத்தை வேறு வடிவில் சேர்க்கிறார்கள். பாக்கெட்டில் வரும் மூன்று கலவைக் காப்பித் தூளும் இப்படியே.

கலக்குகிற கரண்டியையும் பாருங்கள். டின் பாலில் விட்ட கரண்டியையே அலசி அலசாமல் தே ஓவிலும் விட்டுக் கலக்குவார்கள். ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் கடையில் மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாழை இலைச் சோறு: தயிரும் மோரும் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது மோர் மிளகாய். பெயரிலேயே மோர் இருந்தும் நாம் அதை மிளகாயாகத்தான் பார்க்கிறோம். மோரில் ஊறிக் காய்ந்த அந்த மிளகாயைப் பொரித்த எண்ணெயிலேயே அப்பளத்தையும் பொரிப்பார்கள். குருமாவிலும் சில பிரட்டல்களிலும் தயிர் உண்டு. சாம்பாரையும் ரசத்தையும் சில இடங்களில் நெய்யில் தாளிப்பார்கள். பிரியாணியில் நெய்யும் தயிரும் சேரும். தந்தூரி கோழியைத் தயிரில்தான் ஊறவைக்கிறார்கள். நான் ரொட்டி மாவிலும் தயிரோ பாலோ இருக்கும்.

தோசை, இட்லி: மாவில் பால் கிடையாது, அரிசியும் உளுந்தும்தான். ஆனால் நெய்த் தோசை வார்த்த கல்லிலேயே சாதாத் தோசையும் வார்ப்பார்கள். இட்லிக்கு அந்தத் தொல்லை குறைவு. தேங்காய்ச் சட்னியில் சிலர் தயிர் விடுகிறார்கள். அதைத் தனியே கேளுங்கள்.

பலகாரம்: பால்கோவா, குலாப் ஜாமுன் சொல்லவே வேண்டாம். லட்டு, கேசரி, மைசூர்பாகு, இவற்றில் நெய். ஜிலேபி மாவைத் தயிர் விட்டுப் புளிக்க வைப்பார்கள். முறுக்கு மாவிலும் சிலர் வெண்ணெய் சேர்ப்பதுண்டு.

மலாய்க் கடை: நாசி லெமாக்கில் சேர்வது தேங்காய்ப் பால். அது மாட்டுப் பால் ஒவ்வாமைக்காரருக்கு ஆகும். நம் மலாக்காவுக்குப் பெயர் வாங்கித் தந்த அசாம் பெடாஸ் புளியும் மிளகாயும் மீனும் சேர்ந்த குழம்பு. அதற்குப் பால் தேவையில்லை. நாசி மின்யாக்கில் நெய் இருக்கும். தோம்யாம் சூப்பிலும் ஆயாம் மாசாக் மேராவிலும் சிலர் டின் பால் ஊற்றுகிறார்கள். செண்டோலுக்கு உரியது தேங்காய்ப் பாலும் குலா மலாக்காவும்தான். இருந்தாலும் டின் பால் ஊற்றுகிற கடைகளும் உண்டு. ஐஸ் காச்சாங் மேலே ஊற்றும் வெள்ளைப் பால் பெரும்பாலும் டின் பாலே.

சீனர் கடை: அங்கே பால் பொதுவாகக் குறைவு. இருந்தும் வெண்ணெய் இறால், உப்பு முட்டைக் குழம்பு, மீன் தலை மீஹூன் சூப் ஆகியவற்றில் வெண்ணெயோ டின் பாலோ சேர்வதுண்டு. கோழிச் சோற்றில் சிலர் மார்ஜரின் சேர்த்து வேகவைப்பார்கள். சில மார்ஜரினில் பால் பொருள் இருக்கும்.

கேட்கும் முறை

பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: 'பால்' என்ற ஒரே சொல்லை வைத்துக் கேட்காதீர்கள், ஒவ்வொன்றையும் அதனதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நெய் விட்டால் நெய், தயிர் விட்டால் தயிர் என்றுதான் சமையல்காரர் நினைவில் இருக்கும். அவற்றைப் பால் என்று அவர் எண்ணுவதில்லை. நாமும் எண்ணுவதில்லை.

இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, என் பையனுக்கு மாட்டுப் பால் பட்டாலே மூச்சு அடைச்சிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். இந்தக் கோழியிலே தயிர், மோர், நெய், வெண்ணெய், டின் பால், பால் பவுடர் ஏதாச்சும் சேர்த்திருக்கீங்களா? சமைக்கிறவங்ககிட்டே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? தேங்காய்ப் பால் பரவாயில்லை."

இதில் நான்கு விஷயம் அடங்கியிருக்கிறது. என்ன ஆகும் என்று சொல்லிவிட்டோம், அதனால் வயிற்று வலி என்று நினைக்க மாட்டார். எது எது ஆகாது என்று பெயர் சொல்லிவிட்டோம். சமைத்தவரையே கேட்கச் சொல்லிவிட்டோம். தேங்காய்ப் பால் ஆகும் என்று சொன்னதால் வீண் குழப்பமும் நீங்கியது.

பரிமாறுபவர் வெளிநாட்டுத் தோழராக இருந்தால் மலாய் மொழியில் சொல்லுங்கள்: "அனாக் சாயா அடா அலாஹான் சுசு. தக் போலே சுசு, மெந்தேகா, கேஜு, மின்யாக் சாப்பி, தைரு. போலே தான்யா துக்காங் மாசாக்?" அலாஹான் என்றால் ஒவ்வாமை. மெந்தேகா வெண்ணெய், கேஜு சீஸ், மின்யாக் சாப்பி நெய். இதையே ஒரு சிறு அட்டையில் ரூமியில் எழுதிப் பையனின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். படிக்கிற பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பரிமாறுபவர் அந்த அட்டையைச் சமையற்கட்டுக்கே எடுத்துப் போகலாம்.

"இருக்காது", "தெரியல", "போட மாட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்ற பதில்கள் வந்தால் அந்த உணவை விட்டுவிடுங்கள். பார்த்துச் சொன்ன பதில் மட்டுமே பதில். கல், எண்ணெய், கரண்டி ஆகியவற்றையும் கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் சமையல்காரருக்கும் பதில் சொல்லப் பொழுது இருக்கும். ஒரு தரம் நன்றாகப் பதில் சொன்ன கடையையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒவ்வொரு தரமும் கேளுங்கள். சமையல்காரர் மாறினால் கைப்பக்குவமும் மாறும்.

கூச்சம் வேண்டாம், தோழர்களே. சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய், "இந்தப் பிடித்தம் எதுக்கு?" என்று கேட்கச் சங்கம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதும் அதே மாதிரி நியாயம்தான். கேட்டால் அதிகப்பிரசங்கி என்று நினைப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு பிள்ளையைப் பலி கொடுக்கலாமா?

கோவிலிலும் கல்யாணத்திலும்

கடையைவிடக் கஷ்டமான இடம் உறவுக்காரர் வீடு. "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா, நாங்க எல்லாம் சாப்பிடலியா?" என்று பெரியவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்புக்குக் கட்டுப்பட்டு ஒரு கரண்டி பாயசம் ஊட்டிவிடாதீர்கள். "சின்னம்மா, இவனுக்கு இது விஷம் மாதிரி. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க" என்று பதமாகச் சொல்லிவிடுங்கள். கல்யாண வீடாக இருந்தால் முதல் நாளே சமையல்காரரிடம் சொல்லி, பால், நெய் சேர்க்கும் முன் பிள்ளைக்கு வேண்டியதைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைக்கச் செய்யலாம். பந்தியில் கரண்டிகள் கலந்துவிடும். ஆகவே முதலிலேயே எடுத்து வைப்பதுதான் பத்திரம்.

மாசி மகத்துக்கு மலாக்கா நகரில் 1781-ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலைக்குத் தேரோடு போகும் கூட்டத்தில் நம் தோட்டத்து மக்களும் உண்டு. இத்தகைய திருவிழா நாட்களில் தண்ணீர்ப் பந்தலில் மோரும் ரோஸ் மில்க்கும் கொடுப்பார்கள். பஞ்சாமிர்தத்தில் நெய் உண்டு. சர்க்கரைப் பொங்கலில் பாலும் நெய்யும் உண்டு. அபிஷேகத் தீர்த்தத்தில் பால் கலந்திருக்கும். பிரசாதத்தை மறுப்பது பாவமோ என்று பலர் தயங்குகிறார்கள். திருநீறும் பூவும் பழமும் பிரசாதம்தானே? அவற்றைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையைக் காப்பாற்றும் தாயைச் சாமி கோபிக்க மாட்டார்.

பள்ளிக்கூடக் கேண்டீனும் பிள்ளைக்கு வெளிச் சாப்பாடுதான். ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். துணை உணவுத் திட்டத்தில் பிள்ளையின் பெயர் இருந்தால் அங்கும் சொல்லுங்கள். நண்பர்களோடு உணவு மாற்றிக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைக்கும் பழக்குங்கள்.

பாக்கெட் உணவுக்குச் சட்டம் உண்டு

மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பாக்கெட் உணவில் பாலோ பால் பொருளோ இருந்தால் லேபிளில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். "மெங்காண்டுங்கி சுசு" என்று அச்சிட்டிருப்பார்கள். பால் இருக்கிறது என்று அர்த்தம். ரூமி வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் எஸ், யு, எஸ், யு என்ற நான்கு எழுத்தையாவது அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். "முங்கின்" என்ற சொல் சேர்ந்திருந்தால், கலந்திருக்கக்கூடும் என்று பொருள். கடுமையான ஒவ்வாமைக்காரர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். கேசின், வே, லாக்டோஸ் என்ற சொற்களும் பாலையே குறிக்கும். பிஸ்கோத்து, ரொட்டி, சாக்லேட் எல்லாவற்றிலும் பாருங்கள். போன மாதம் வாங்கிய அதே சாமானாக இருந்தாலும் மறுபடி பாருங்கள், செய்முறையை மாற்றியிருப்பார்கள்.

இந்த லேபிள் மாமாக் கடைத் தட்டில் ஒட்டியிருக்காது, பசார் மாலாம் பலகாரத்திலும் இருக்காது. அங்கே லேபிளுக்குப் பதில் நம் வாய்தான்.

தவறிப்போனால்

'பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் பால் ஒவ்வாமையில் மூச்சு அடைத்தவருக்கு மிளகும் வெற்றிலையும் உதவாது. விழுங்கக் கொடுப்பதே ஆபத்து, புரை ஏறிவிடும்.

அரிப்பு, உதடு வீக்கம் ஆகியவற்றோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அவசரம் என்று அறிக: மூச்சிரைப்பு, விடாத இருமல், குரல் கம்முதல், தொண்டை இறுக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல், முகம் வெளுத்துத் துவளுதல். சிலருக்குத் தோலில் ஒன்றும் தெரியாமலே மூச்சு முட்டும். பால் பட்டது தெரிந்து மூச்சு முட்டினால் தடிப்பு வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. டாக்டர் எழுதிக் கொடுத்துக் கையில் ஊசிப் பேனா இருந்தால், தொடையின் வெளிப்பக்கம் நடுப்பகுதியில் உடனே போடுங்கள். கால்சட்டைக்கு மேலேயே போடலாம். அரிப்புக்குத் தரும் மாத்திரை இதற்கு ஈடாகாது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருந்து காலம் போக்கக் கூடாது. பிறகு 999-க்கு அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால், இரண்டாவது ஊசி இருந்தால் அதையும் போடலாம்.

ஆளைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் காலை நீட்டி உட்கார வையுங்கள். வாந்தி எடுத்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எழுப்பி நிறுத்தவோ நடக்க வைக்கவோ கூடாது. திடீரென எழுந்து நின்றால் இதயத்துக்கு இரத்தம் போதாமல் உயிரே போகலாம். காருக்குக்கூடத் தூக்கித்தான் கொண்டு போக வேண்டும்.

மலாக்கா மாநிலத்தில் மலாக்கா, ஜாசின், அலோர் காஜா ஆகிய மூன்று இடங்களிலும் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. உங்கள் தோட்டத்திலிருந்து எது கிட்டே, மண் சாலை வழியாக எவ்வளவு நேரமாகும், இரவில் யாரிடம் கார் இருக்கும் என்பதை இன்றே குடும்பத்தோடு பேசி வையுங்கள். பிள்ளை தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும் வரக்கூடும்.

ஆஸ்துமாவும் சேர்ந்து உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். அவர்கள் மூச்சு மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ள வேண்டும், வெளியே போகும்போது கையில் வைத்திருக்க வேண்டும்.

டாக்டரைக் கேளுங்கள்

பிள்ளைக்குப் பால் கொடுத்ததும் தடிப்போ வாந்தியோ வந்தால், எதைச் சாப்பிட்டது, எத்தனை நிமிடத்தில் வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். தோல் சோதனை, இரத்தச் சோதனை மூலம் உறுதி செய்யலாம். நாமாகவே முடிவு செய்து பிள்ளைக்குப் பாலை நிறுத்துவதும் தவறு, ஆகிவிட்டதா பார்ப்போம் என்று நாமாகவே மறுபடி கொடுத்துப் பார்ப்பதும் தவறு. பல பிள்ளைகளுக்கு வளர வளர இந்த ஒவ்வாமை நீங்கிவிடும். நீங்கியதா என்று டாக்டர் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும்.

பால் இல்லாவிட்டால் எலும்புக்கு என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். கேழ்வரகு, முருங்கைக் கீரை, எள், தௌஃபு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து உண்டு. கைக்குழந்தைக்கு மட்டும், என்ன கொடுப்பது என்பதை டாக்டரே சொல்ல வேண்டும்.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்

1. 'பால் இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். தயிர், மோர், நெய், வெண்ணெய், டின் பால், பால் பவுடர், கிரீமர் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

2. பரிமாறுபவர் சொன்னால் போதாது. சமைத்தவர் சொல்ல வேண்டும்.

3. சந்தேகமான பதில் வந்தால் சாப்பிட வேண்டாம்.

4. கல், எண்ணெய், கரண்டி ஆகியவற்றையும் கவனியுங்கள்.

5. ஒவ்வாமை அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

6. மூச்சு முட்டினால் ஊசி, 999, படுக்கை. நடக்க விடாதீர்கள்.

7. வெளியே புறப்படும் முன் வீட்டில் அரை வயிறு சாப்பிட்டுவிடுங்கள். பசி இல்லாதவன் நிதானமாகக் கேட்பான்.

நம் பிள்ளைகளும் சம்பள வாரத்தில் டவுனுக்குப் போய், எல்லாரோடும் உட்கார்ந்து, சந்தோஷமாகச் சாப்பிட வேண்டும். ஒவ்வாமை இருக்கிறதென்று அவர்களை லயத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டிய அவசியமில்லை. கேட்கத் தெரிந்த தாய் தகப்பன் பக்கத்தில் இருந்தால் போதும். நாளைக்கு அந்தப் பிள்ளையே தன் வாயால் கேட்கப் பழகிவிடும்.

அடுத்த வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.